வல்லம் முதல் தக்கோலம் வரை: சோழரும் இராட்டிரகூடரும் பாலாற்றுச் சீமையில் இழந்தவை

வேலூரை ஒட்டிய வேலப்பாடியில் பவாஜி மலை என்றொரு குன்று இருக்கிறது. அதன் உச்சிப் பாறையில் தமிழில் ஒரு கல்வெட்டு. பன்னப்பை என்பவர் அந்தக் குன்றின்மேல் எடுப்பித்த ஈசுவரன் கோயிலுக்கு, நுளம்பன் திரிபுவனதீரன் என்ற தலைவன் வேலூர்ப்பாடி என்னும் ஊரையே கொடுத்த செய்தி அதில் உள்ளது. கொடுத்தது தமிழ் ஊர், பொறித்தது தமிழ் எழுத்து. ஆண்டுக் கணக்கு மட்டும் சோழனுடையது அல்ல. கன்னரதேவனின் 26ஆம் ஆட்சியாண்டு என்று போட்டிருக்கிறது.

கன்னரதேவன் என்பது இராட்டிரகூடப் பேரரசன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் தமிழ்நாட்டில் வழங்கிய பெயர். அவன் கி.பி. 939இல் பட்டத்துக்கு வந்தவன்; ஆக இந்தக் கல் ஏறத்தாழ 964-65ஐச் சேர்ந்தது. அவனுடைய தலைநகர் மான்யகேடம், இன்றைய கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்து மால்கெட். வேலூரிலிருந்து நேர்கோட்டில் அளந்தாலே 500 கிலோமீட்டருக்கு மேல். தஞ்சாவூர் அதில் பாதித் தூரம்கூட இல்லை. அப்படியிருக்க, பக்கத்தில் இருந்த தஞ்சைச் சோழனை விட்டுவிட்டு, ஏன் அத்தனை தொலைவில் இருந்தவனின் பெயரில் ஆண்டை எண்ணினார்கள்?

கி.பி. 949இல் தக்கோலத்தில் நடந்த போர்தான் இதற்குக் காரணம் என்று ஒரே வரியில் சொல்வது வழக்கம். ஆனால் தக்கோலம் ஒரே நாளில் வந்த விபத்து அல்ல. அது 40 ஆண்டுகளாகப் பாலாற்றுக்கும் பொன்னையாற்றுக்கும் இடைப்பட்ட சிறு நாடுகளில் நடந்த இழுபறியின் முடிவு. அதோடு, அந்தப் போரில் வென்ற பேரரசு அடுத்த கால் நூற்றாண்டுக்குள் அடியோடு சாய்ந்தது. தோற்ற பேரரசு அதன் பிறகுதான் தன் உச்சத்தைத் தொட்டது. இந்த முரண் எப்படி வந்தது என்பதற்கான தடயங்களில் பெரும்பாலானவை பழைய வடஆர்க்காடு மாவட்டத்துக்குள்ளேயே கல்லிலும் செம்பிலும் கிடக்கின்றன.

(இராசேந்திரனின் கடாரப் படையெடுப்பில் வரும் தலைத்தக்கோலம் கடல் கடந்த ஊர். இங்கே பேசுவது அரக்கோணம் வட்டத்துத் தக்கோலம். சம்பந்தர் பாடிய திருவூறல்.)

வாசலில் இருந்தவர்கள்

மைசூர் மேட்டுநிலத்திலிருந்து தொண்டைநாட்டுக்குள் ஒரு படை இறங்க வேண்டுமானால் வடஆர்க்காட்டில் இரண்டு இயல்பான வழிகள். ஒன்று பாலாற்றுப் பள்ளத்தாக்கு: வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர். மற்றொன்று கோலார்ப் பக்கமிருந்து சித்தூர் வழியாக இறங்கி, பொன்னையாற்றை ஒட்டி வருவது. பொன்னைக்குப் பழைய பெயர் நீவா. இந்த ஆறு பாலாற்றை நெருங்கும் இடத்தில்தான் திருவல்லம் இருக்கிறது. அன்றைய பெயர் தீக்காலி வல்லம். வாணபுரம் என்றும் சொன்னார்கள். வாணர்கள் என்னும் பழமையான குலத்து அரசர்களின் ஊர் அது. அவர்களுடைய நாடு பெரும்பாணப்பாடி.

வல்லத்தைக் கையில் வைத்திருப்பவன் இரண்டு வழியையும் பார்த்துக்கொண்டிருக்க முடியும். ஆகவே பேரரசுகளுக்கு வாணர்களின் தயவு தேவைப்பட்டது. வாணர்களுக்கு மேற்கே கங்கர். வடமேற்கே வைதும்பர், நுளம்பர். இவர்கள் எல்லோருமே சிறிய அரசர்கள். ஆனாலும் யார் பக்கம் இவர்கள் சாய்கிறார்களோ, அந்தப் பக்கமே காஞ்சிபுரம் போகும்.

சோழர்கள் தொண்டைநாட்டுக்குள் வந்ததே ஒரு யானையின் முதுகில்தான். 9ஆம் நூற்றாண்டின் கடைசியில் முதலாம் ஆதித்தன் பல்லவன் அபராசிதனைக் கொன்றான். மதயானை மேல் இருந்த பல்லவன்மீது பாய்ந்து கொன்றதாக வீரராசேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு சொல்கிறது. பல்லவப் பேரரசு அத்தோடு முடிந்தது. தொண்டைநாடு சோழருடையதாயிற்று, சோழ எல்லை போய் இராட்டிரகூட எல்லையில் முட்டியது. இடையில் இருந்த பல்லவர் போனதால் இரண்டு பெரும் அரசுகள் நேருக்கு நேர் நின்றன.

இந்த நெருக்கடியை ஆதித்தன் திருமணத்தால் சமாளித்தான். அவன் மூத்த தேவி இளங்கோன் பிச்சி, வல்லவரையர் மகள். அதாவது இராட்டிரகூட இரண்டாம் கிருஷ்ணனின் மகள். அவர்களுக்குக் கன்னரதேவன் என்றொரு மகன், பாட்டன் பெயரையே தாங்கியவன். ஆதித்தன் இறந்தபின் 907இல் பட்டம் போனது இன்னொரு தேவியின் மகனான பராந்தகனுக்கு. பேரனுக்கு உரிய நாடு பறிபோயிற்று என்பதுதான் இரண்டாம் கிருஷ்ணன் படையெடுத்ததன் காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். சமாதானத்துக்காகச் செய்த திருமணம் அடுத்த தலைமுறையில் போருக்கான உரிமைப் பத்திரமாக மாறிவிட்டது.

படைகள் மோதிய இடம் வல்லம், சுமார் 911. வாணரும் வைதும்பரும் இராட்டிரகூடர் பக்கம். அத்திமல்லன் என்ற பெயரும் கொண்ட கங்க அரசன் இரண்டாம் பிருதிவிபதி பராந்தகன் பக்கம். சோழர் வென்றார்கள். கன்னியாகுமரிக் கல்வெட்டு இந்த வெற்றிக்காகப் பராந்தகனுக்கு வீரசோழன் என்ற பெயர் வந்ததாகக் கூறுகிறது.

வென்றபின் பராந்தகன் செய்த ஏற்பாட்டைச் சோளிங்கர்ப் பாறைக் கல்வெட்டும், வாணியம்பாடிப் பக்கத்து உதயேந்திரம் செப்பேடும் சொல்கின்றன. வாண அரசர்களை அவன் வேரோடு பிடுங்கினான்; வாண நாட்டையும் வாணாதிராசன் என்ற பட்டத்தையும் பிருதிவிபதிக்குக் கொடுத்தான். செம்பியன் மாவலி வாணராயன் என்பது அவனுக்குக் கிடைத்த புதுப்பெயர். செம்பியன் என்பது சோழன். மாவலி என்பது வாணர் குலமுதல்வன். கங்கன் ஒருவன் இந்த இரண்டையும் பெயரில் சுமந்தபடி வல்லத்து வாசலில் நின்றான்.

கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான். ஆனால் அதில் ஒரு பலவீனம். நாட்டைக் காப்பது ஒரு கோட்டையோ நிலைப்படையோ அல்ல. ஒரு மனிதனின் விசுவாசம். அந்த மனிதன் இருக்கும் வரைதான் காவல்.

இடைப்பட்ட பத்தாண்டு

940 வாக்கில் பிருதிவிபதி இறந்தான். அவன் மகன் அவனுக்கு முன்பே போய்விட்டான். காவலுக்கு ஆள் இல்லாமல் வாசல் திறந்து கிடந்தது.

அதே சமயம் எதிர்ப்பக்கத்தில் எல்லாமே கூடி வந்தது. மூன்றாம் கிருஷ்ணன் பட்டமேறினான். தலைக்காட்டுக் கங்கர் சிம்மாசனத்தில், தமையன் இராசமல்லனைக் கொன்றுவிட்டு இரண்டாம் பூதுகன் அமர்ந்தான். அதற்குத் துணை நின்றவர்கள் இராட்டிரகூடர். பூதுகன் கிருஷ்ணனின் தமக்கை ரேவகநிம்மடியை மணந்தவன். முன்பு பராந்தகன் துரத்திய வாணரும் வைதும்பரும் கிருஷ்ணனிடம் அடைக்கலமாக இருந்தார்கள். பாதை தெரிந்தவர்கள், பழி தீர்க்கக் காத்திருந்தவர்கள்.

பராந்தகனுக்கு இது தெரியாமல் இல்லை. மூத்த மகன் இராசாதித்தனைப் பெரும்படையோடு திருமுனைப்பாடி நாட்டில், இன்றைய திருநாவலூர்ப் பக்கம், நிறுத்தினான். ஊருக்கு இராசாதித்தபுரம் என்று பெயரே வந்தது. சேரநாட்டிலிருந்து வந்த வெள்ளங்குமரன் என்ற படைத்தலைவன் பெண்ணையாற்றங்கரைக் கிராமம் என்னும் ஊரில் 943இல் சிவன் கோயிலைக் கற்றளியாகக் கட்டினான். படை வந்து தங்கிவிட்டுப் போகவில்லை. ஆண்டுக்கணக்கில் குடியிருந்திருக்கிறது.

இங்கேதான் ஒரு தவறு கண்ணில் படுகிறது. திருநாவலூரிலும் கிராமத்திலும் இருந்த படை காத்தது தென்பெண்ணை வழியை. பாலாறு அங்கிருந்து வடக்கே 100 கிலோமீட்டருக்கு மேல். பிருதிவிபதி உயிரோடு இருக்கும் வரை இந்த ஏற்பாடு சரி: பாலாற்றை அவன் பார்த்துக்கொள்வான், பெண்ணையை இளவரசன் பார்த்துக்கொள்வான். அவன் போனபின், அவன் இடத்தை நிரப்பாமல் இளவரசனின் முகாம் மட்டும் தொடர்ந்தது.

இன்னொன்று, 940களில் பராந்தகன் ஈழத்துக்கும் படை அனுப்பினான். பாண்டியன் இராசசிம்மன் தோற்றோடியபோது ஈழத்தில் விட்டுச்சென்ற முடியையும் இந்திரன் ஆரத்தையும் மீட்பதற்காக. ஈழ மன்னன் அவற்றோடு தீவின் தென்பகுதியான ரோகணத்துக்குப் போய்விட்டதால் அந்த நோக்கம் நிறைவேறவில்லை. ஒரு முடிக்காகக் கடல் தாண்டி ஆள் அனுப்பிய காலத்தில், வடக்கே ஒரு நாடே காவலின்றிக் கிடந்தது. பராந்தகனின் நீண்ட ஆட்சியில் இதைவிடப் பெரிய பிழை எனக்குத் தெரியவில்லை.

இந்தச் சறுக்கலை அளக்க ஒரு நேரான வழி இருக்கிறது. இரண்டு போர்க்களங்களையும் வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். 911இல் எதிரியைச் சந்தித்த இடம் வல்லம், ஆற்றுவழியின் வாயிலேயே. 949இல் சந்தித்த இடம் தக்கோலம், வல்லத்துக்குக் கிழக்கே 50 கிலோமீட்டருக்கு மேல். காஞ்சிபுரம் அங்கிருந்து ஒரு நாள் நடைக்குள். போர் தொடங்கும் முன்பே பெரும்பாணப்பாடி கைவிட்டுப் போயிருந்தது என்பதை இந்தத் தூரமே சொல்லிவிடுகிறது. தக்கோலத்தில் சோழர் காத்தது எல்லையை அல்ல, காஞ்சியை.

படைக்குத் தண்ணீர்

ஏன் அந்த இடம் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் தண்ணீர். வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 150 கிலோ தழையும் புல்லும் வேண்டும். 100 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். நூறு யானைகள் என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் நாளொன்றுக்கு 15 டன் தீவனம். குதிரை, பொதிமாடு, ஆட்கள் தனி. பாலாறு ஆண்டில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கும் ஆறு. ஊற்றுத் தோண்டினால் ஆளுக்குத் தண்ணீர் கிடைக்கும், யானைப்படைக்குக் கட்டாது. ஆகவே படை ஆற்றை ஒட்டி நடந்தாலும் ஏரியை ஒட்டித்தான் தங்க முடியும். பல்லவர் காலத்துக் காவேரிப்பாக்கம் ஏரி போன்ற பெரிய ஏரிகளும், அவற்றைத் தொடர்ந்து அரக்கோணம் பக்கம் வரை வரும் ஏரிச் சங்கிலியும்தான் அந்தப் படைகளின் சாப்பாட்டு மேசை.

படை ஒரே இடத்தில் பத்து நாள் நின்றால் சுற்றுவட்டாரத்துத் தழை தீர்ந்துவிடும். நின்று காப்பவனுக்குத்தான் இதில் கஷ்டம் அதிகம். வருகிறவன் நகர்ந்துகொண்டே தின்னலாம். மேற்கே இருந்த ஏரிகள் எதிரி கைக்குப் போனபின் சோழப்படைக்கு மிஞ்சியது கிழக்குப் பகுதி மட்டுமே.

யானைமேல் இருப்பதன் ஆபத்து

போரைப் பற்றி இரு தரப்பும் எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

சோழர் தரப்பு ஆனைமங்கலச் செப்பேடு. நெதர்லாந்தின் லெய்டனுக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றும் சொல்வார்கள். அசைக்க முடியாத கிருஷ்ணராசனையே கலங்கச் செய்த இராசாதித்தன், யானை மேல் இருந்தபடி எதிரியின் கூரிய அம்புகள் நெஞ்சைத் துளைக்க, விண்ணுலகம் போனான் என்கிறது அது. ஆனைமேல் துஞ்சின தேவர் என்பது அவனுக்குக் கல்வெட்டுகள் தந்த பெயர். துஞ்சுதல் என்றால் உறங்குதல். அவன் தோற்றான் என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை.

எதிர்த்தரப்பின் சான்று கர்நாடகத்து மாண்டியா மாவட்டத்து ஆதகூர் நடுகல். இராசாதித்தனின் அம்பாரியையே போர்க்களமாக்கி அவனைக் கொன்றவன் பூதுகன் என்கிறது. முதலில் இந்த வரியைப் படித்தவர்கள், தழுவுவது போல் வந்து வஞ்சகமாகக் குத்தினான் என்று பொருள் கொண்டார்கள். பின்னால் வந்த வாசிப்பு அதைத் திருத்தியது. பழைய வாசிப்பை வைத்து இன்றும் பூதுகனைத் துரோகி என்று எழுதுவோர் உண்டு. அதற்குக் கல்லில் ஆதாரம் இல்லை.

அம்போ வாளோ, இடம் ஒன்றுதான்: யானையின் முதுகு. அரசனை அங்கே ஏற்றுவதற்குக் காரணம் இருந்தது. பல ஆயிரம் பேர் புழுதியில் நிற்கும் களத்தில் தலைவன் எங்கே என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். குடை, கொடி, முரசு எல்லாம் அவனைச் சுற்றித்தான். ஆனால் தன் ஆட்களுக்குத் தெரிகிற உயரம் எதிரியின் வில்லாளிக்கும் தெரியும். ஆபத்து என்றால் பின்வாங்கவும் வழியில்லை. அரசனின் யானை திரும்பினால் படை அதைத் தோல்வி என்றே எடுத்துக்கொள்ளும். பாகன் விழுந்தால் யானை யார் சொல்லையும் கேட்காது. அம்பாரி காலியானது தெரிந்த மறுகணம், ஒவ்வொரு சிற்றரசனும் தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு ஊரைப் பார்க்கக் கிளம்பிவிடுவான். ஏனென்றால் அவனுடைய சத்தியம் இளவரசனோடு, சோழநாட்டோடு அல்ல.

பாட்டன் ஆதித்தன் யானை மேல் இருந்தவனைக் கொன்று தொண்டைநாட்டைப் பெற்றான். பேரன் இராசாதித்தன் யானை மேல் இருந்தே அதை இழந்தான். இதே பாலாற்று வழியில், 1749 ஆகஸ்ட் 3 அன்று ஆம்பூரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் யானை மேலிருந்தபடி குண்டடிபட்டு இறந்தார். ஆயுதம் மாறியிருந்தது, அரசனை உயரத்தில் உட்காரவைக்கும் வழக்கம் 800 ஆண்டுகளில் மாறவில்லை.

ஆதகூர்க் கல்லில் இன்னொரு செய்தியும் உண்டு. தக்கோலத்தில் நன்றாகப் போரிட்ட மணலரன் என்ற வீரனிடம் என்ன வேண்டும் என்று பூதுகன் கேட்க, அவன் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கினான். பின்னால் அந்த நாய் ஒரு காட்டுப்பன்றியோடு மோதி, இரண்டும் செத்தன. கல்லில் செதுக்கியிருப்பது அந்த நாயும் பன்றியும்தான். செங்கம் பகுதியில், எடுத்தனூர் நடுகல்லில் கோவிவன் என்ற நாய் தன் தலைவனோடு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. பேரரசைப் புரட்டிப்போட்ட போரின் மிக முக்கியமான ஆவணம் நமக்குக் கிடைத்தது ஒரு நாயின் நினைவுக்கல்லால்.

கல்வெட்டில் எல்லையைப் படிப்பது

போருக்குப் பிறகு என்ன நடந்தது என்று அறிய வரலாற்று நூல் எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. கோயில் கொடைக் கல்வெட்டுகளில்தான் படிக்க வேண்டும். முறை எளிது. அணையாமல் எரியும் நொந்தா விளக்கு ஒன்றுக்கு 90 அல்லது 96 ஆடு கொடுப்பார்கள். சாவா மூவாப் பேராடு, அதாவது எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய மந்தை. நாள்தோறும் உழக்கு நெய் வர வேண்டும். இந்தச் செய்தி எல்லா ஆட்சியிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். கவனிக்க வேண்டியது முதல் வரியை: யாருடைய யாண்டு?

தொண்டைநாட்டில் இந்த முதல் வரி நான்கு அடுக்காக வரும். 'மதுரை கொண்ட கோப்பரகேசரி' என்றால் பராந்தகன். 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்றால் மூன்றாம் கிருஷ்ணன். திருக்கழுக்குன்றத்தில் 17ஆம் ஆண்டுக் கல்வெட்டு இப்படித் தொடங்குகிறது. 'வீரபாண்டியன் தலைகொண்ட' பார்த்திவேந்திரன் என்ற சோழர் தரப்புத் தலைவன் என்றால் சோழர் திரும்பி வந்துவிட்டார்கள். 'திருமகள் போல' என்று மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழ் சொல்லும் முகவுரை, தொடங்கினால் இராசராசன், கதை முடிந்தது.

ஆட்சியாண்டைக் கி.பி.க்கு மாற்றும்போது பட்டமேறிய ஆண்டே முதலாம் ஆண்டு என்பதை மறக்கக்கூடாது. 939ஓடு 26ஐக் கூட்டி 965 என்பார்கள். 25ஐத்தான் கூட்ட வேண்டும். இன்னொரு பொறி: கோப்பரகேசரி, கோராசகேசரி என்பவை சோழர் மாறி மாறி வைத்துக்கொண்ட பட்டங்கள். அடைமொழி இல்லாமல் பட்டம் மட்டும் இருந்தால் எந்த அரசன் என்று எழுத்தமைதியையும் உடன் வரும் பெயர்களையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அவசரப்பட்டால் இரண்டு தலைமுறை இடம் மாறிவிடும்.

இப்படிப் பார்த்தால் கன்னரதேவன் கல்வெட்டுகள் பழைய வடஆர்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களில் கிடைக்கின்றன. பாகூர் வரை இருக்கின்றன. காவிரிப் படுகையில் இல்லை. தஞ்சையைக் கொண்டதாகப் பட்டத்தில் போட்டுக்கொண்டான், தஞ்சையில் ஆளவில்லை. இந்த வேறுபாடுதான் பின்னால் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

பெயர்களும் மாறின. வேலூருக்குத் தெற்கே சோழபுரத்துக் கல்வெட்டு ஒன்று, இராசாதித்தனை வீழ்த்திக் கன்னரதேவன் தொண்டைமண்டலம் புகுந்ததை வைத்தே காலத்தைக் குறிக்கிறது. சக ஆண்டு 871, அதாவது கி.பி. 949-50. அதே வட்டாரத்தில் அத்திமல்லன் என்ற இன்னொரு கங்கத் தலைவன் கன்னரதேவப் பிருதிகங்கரையன் என்று பெயர் வைத்துக்கொண்டான். முன்பு செம்பியன் என்று ஒட்டிய இடத்தில் இப்போது கன்னரதேவன்.

ஆனால் மனசு பெயரைப் போல எளிதில் மாறாது என்பதற்குத் திருவொற்றியூரில் ஒரு சான்று. சேரநாட்டு வல்லபன் என்பவர் இராசாதித்தனுக்கு நெருக்கமானவர். போரில் தலைவனோடு தானும் சாகாமல் போனோமே என்று வருந்தி, கங்கையில் நீராடித் துறவியாகி, சதுரானன பண்டிதர் என்ற பெயரில் திருவொற்றியூர் மடத்துக்குத் தலைவரானார். கிராமத்துக் கோயிலைக் கட்டிய வெள்ளங்குமரனே இவர் என்று கருதுவோர் உண்டு. தன் பிறந்த நாளான அவிட்டத்துக்குப் பூசை நடக்க அவர் பொன் கொடுத்த கல்வெட்டின் ஆண்டு, கன்னரதேவனின் 20ஆம் ஆண்டு. தன் தலைவனைக் கொன்றவனின் ஆட்சியாண்டைப் போட்டுத்தான் அவர் தன் கொடையை எழுத வேண்டியிருந்தது.

மேல்பாடி முகாம்

திருவல்லத்திலிருந்து பொன்னையாற்றோடு வடக்கே போனால் மேல்பாடி. 959 மார்ச்சில் மூன்றாம் கிருஷ்ணன் தன் படையோடு அங்கே முகாமிட்டிருந்தான். அப்போது அவன் வழங்கிய கர்ஹாட் செப்பேடு, அங்கே அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்று வெளிப்படையாகவே சொல்கிறது: தென்னாட்டு மண்டலங்களைத் தன்னைச் சார்ந்தவர்களுக்குப் பிழைப்பாகப் பங்கிட்டான், சிற்றரசர்களின் செல்வத்தைக் கைக்கொண்டான், காலப்பிரியம், கண்டமார்த்தாண்டம், கிருஷ்ணேசுவரம் என்று கோயில்கள் எடுப்பித்தான்.

தக்கோலம் முடிந்து பத்தாண்டு ஆகியும் பேரரசன் எல்லையில் கூடாரத்தில் இருந்தான் என்பதே ஒரு செய்தி. மான்யகேடத்திலிருந்து பொதிமாட்டோடு நாளைக்கு 15 கிலோமீட்டர் நடந்தால் இங்கே வர ஒன்றரை மாதத்துக்குக் குறையாது. அங்கிருந்து ஆள முடியாத நாட்டை இரண்டு விதமாகத்தான் வைத்துக்கொள்ள முடியும்: தானே வந்து உட்கார வேண்டும், இல்லையேல் பிறருக்குக் கொடுத்துவிட வேண்டும். கிருஷ்ணன் இரண்டையும் செய்தான். திருக்கோவலூர்ப் பக்கத்து மலையமானாட்டில் வைதும்ப மகாராசன் திருவையன் அமர்ந்தான். வேலூரில் அந்த நுளம்பன் திரிபுவனதீரன். பூதுகனுக்கு, இராசாதித்தனைக் கொன்றதற்காக, வனவாசி 12,000, பெள்வொலம் 300, புரிகெரெ 300, கிசுகாடு 70, பாகெநாடு 70 என்று ஆதகூர்க் கல் பட்டியல் தருகிறது. நாட்டுப் பெயரோடு வரும் இந்த எண்களை ஊர்த்தொகை என்றோ வருவாய் அளவு என்றோ கொள்வார்கள். எப்படிக் கொண்டாலும் இது தொண்டைநாட்டைப் பெறுவதற்காகச் சொந்த வீட்டின் தென்பாதியைக் கொடுத்த கணக்கு.

வெற்றிக்கு விலையாகக் கொடுத்த நாட்டின் வரி இனிப் பேரரசின் கருவூலத்துக்கு முழுதாக வராது. அங்கே திரளும் படையும் கொடுத்தவன் பேச்சைவிடப் பெற்றவன் பேச்சையே முதலில் கேட்கும். கிருஷ்ணன் உயிரோடு இருக்கும் வரை அவனுடைய ஆளுமை இவற்றைக் கட்டி வைத்தது. 967இல் அவன் இறந்தான்.

அடுத்த ஆறு ஆண்டு

வடக்கே மாளவத்துப் பரமாரன் சீயகன். 949 சனவரியில் அவன் வெளியிட்ட ஹர்சோல் செப்பேடு இராட்டிரகூடரைத் தன் மேலரசர்களாகச் சொல்கிறது. தக்கோலம் நடந்த அதே ஆண்டு. 23 ஆண்டுகள் கழித்து, 972இல், அதே சீயகன் நர்மதையைத் தாண்டி வந்து மான்யகேடத்தையே கொள்ளையடித்தான். அரியணையில் இருந்தவன் கிருஷ்ணனின் தம்பி கொட்டிகன். அந்த அவமானத்தோடு அவன் காலம் முடிந்தது; அடுத்து வந்த இரண்டாம் கர்க்கன் நெடுநாள் தாங்கவில்லை.

முடிவு வந்தது பரமாரனாலும் அல்ல. தர்தவாடி 1,000 என்ற பகுதியை, பிஜாப்பூர்ப் பக்கம், கிருஷ்ணனிடமிருந்தே பெற்று ஆண்டுகொண்டிருந்த சாளுக்கியத் தைலபன் 973இல் பேரரசைத் தன்னுடையதாக்கிக்கொண்டான். கங்கன் மாரசிம்மன் மட்டும் பழைய விசுவாசத்தில் கிருஷ்ணனின் பேரன் நான்காம் இந்திரனுக்கு முடிசூட்டப் பார்த்தான். முடியவில்லை. மாரசிம்மன் வங்காபுரத்தில் சமண முறைப்படி உண்ணா நோன்பிருந்து உயிர் துறந்தான். இந்திரன் 982இல் சிரவணபெளகொளாவில் அதே வழியில் போனான்.

தஞ்சைப் பக்கம்

சோழரின் நிலையும் 949க்குப் பிறகு பரிதாபம்தான். பராந்தகன் 955 வாக்கில் மறைந்தான். கண்டராதித்தன், அரிஞ்சயன், சுந்தரசோழன் என்று சில ஆண்டுகளுக்குள் அரியணை கை மாறியது. தெற்கே வீரபாண்டியன் 'சோழன் தலைகொண்ட' என்று பட்டம் போட்டுக்கொண்டான். வடக்கே பாதி நாடு இல்லை. சுந்தரசோழன் மகன் ஆதித்த கரிகாலன் பாண்டியனை முடித்தான். பிறகு அவனே கொலையுண்டான்.

இருந்தும் சோழர் நிமிர்ந்ததற்குக் காரணம் காவிரிப் படுகை. அது ஒருநாளும் கைவிட்டுப் போகவில்லை. அங்கே நெல் விளைந்தது, வரி வந்தது, சபைகள் ஏரியையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டன. யாருக்கும் அதைப் பிரித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் சோழனுக்கு நேரவில்லை. பரிசு கேட்டு நிற்க வென்ற துணைவர்களே இல்லையே. தோல்வி அவர்களைத் தங்கள் சொந்த வயலுக்குள் சுருக்கியது. அந்த வயல் மற்ற எதையும்விட வளமானது.

மீட்பு ஒரு பெரும்போரால் வரவில்லை. ஊர் ஊராக, கல்வெட்டின் முதல் வரி மாறியது. பார்த்திவேந்திரன் பெயர் தொண்டைநாட்டில் பரவுகிறது. சுந்தரசோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் இறக்கிறான். பொன்மாளிகைத் துஞ்சின தேவர் என்பது அவன் பெயர். சோழ அரசன் காஞ்சியில் மாளிகை வைத்துக் கடைசி நாளைக் கழிக்கும் அளவுக்கு அந்த நகரம் மீண்டுவிட்டது.

985இல் இராசராசன் வந்தான். கங்கபாடி, நுளம்பபாடி, தடிகைபாடி என்று அவன் மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்லும் நாடுகள், முன்பு வல்லத்து வாசலில் யார் பக்கம் சாய்வது என்று பேரம் பேசிய அதே அரசுகளின் நாடுகள். 1004 வாக்கில் கங்கரின் தலைக்காடு விழுந்தது. பிருதிவிபதி போன்ற இன்னொருவரை அவன் வாசலில் வைக்கவில்லை. வாசலுக்கு அப்பால் இருந்த மேட்டுநிலத்தையே சோழ மண்டலமாக்கினான்.

மேல்பாடிக்கும் அவன் திரும்பி வந்தான். ஊர்ப் பெயரை இராசாச்சிரயபுரம் என்று மாற்றினான். அங்கே தன் பாட்டன் அரிஞ்சயனுக்கு, ஆற்றூர்த் துஞ்சின தேவருக்கு, பள்ளிப்படையாக, அதாவது இறந்தவர் நினைவுக் கோயிலாக, அரிஞ்சிகை ஈசுவரம் என்ற கோயிலை எடுப்பித்தான். சோழேசுவரர் கோயில் என்ற பெயரில் அது இன்றும் பொன்னையாற்றங்கரையில் நிற்கிறது. கன்னரதேவன் கூடாரம் அடித்து நாடுகளைப் பங்கு போட்ட அதே ஊரில்.